கட்டிலுக்கு அடியில் இருந்த கிண்ணம்

கார்த்திகையன்று மாலை அண்ணன் வீட்டுப் படியில் ஏறும்போது பெட்ரோல் வாசனை அடித்தது. கீழே ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்திலிருந்து வருகிறது என்று முதலில் நினைத்தேன். அப்படியானால் மேலே போகப் போகக் குறைந்திருக்க வேண்டும். கூடியது. படிகளின் ஓரத்தில் வரிசையாக அகல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

அந்த வீட்டில் வாசனை அறியக்கூடியவர் அண்ணன் ஒருவர்தான். மதினிக்குப் பெருந்தொற்றுக் காய்ச்சலோடு போன மோப்பம் திரும்பி வரவே இல்லை. பால் பொங்குவதைக்கூடச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். அண்ணனோ படுக்கையில் இருந்தார். அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில், டெல்லியின் காற்று கெடத் தொடங்கிய வாரத்தில், மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரும்போது கூடவே ஓர் ஆக்சிஜன் மெஷினும் வந்தது. பகலிரவாக அது உறுமிக்கொண்டிருக்க, அதிலிருந்து வரும் குழாயை மூக்கில் மாட்டியபடி இருந்தார். கழற்றினால் சிறிது நேரத்திலேயே உதடு நீலம் பாயும். புகை, தூசி, நெடி எதுவும் அவரிடம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெஷின் கொண்டுவந்தவர் அதோடு இன்னொன்றும் சொன்னார்: ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் சின்னத் தீயும் பெரிய தீதான்.

ஆகவே பெட்ரோல் வாசனை வந்தால் முதலில் சொல்ல வேண்டியவர் அண்ணன். அவர் சொல்லமாட்டார் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் முந்தைய ஞாயிற்றுக்கிழமை.

அண்ணன் மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சரோஜினி நகர் குவார்ட்டரைக் காலி செய்துவிட்டு மயூர் விகாரில் ஒரு முதல் மாடி வீட்டுக்கு வந்தபோது, சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் பிடித்துக்கொண்டது. சந்தையில் ஓடாத கடிகாரங்களாகப் பார்த்து வாங்குவார். பாதி ஓடும், பாதி ஓடாது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். திரும்பி வந்து டப்பாவைத் திறந்தால், அடித்தகட்டில் அவருடைய கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்து கறுத்திருந்தது. ஓரத்தில் பச்சையாகக் களிம்பு தொடங்கியிருந்தது.

கடிகாரத்தின் சக்கரங்கள் எல்லாம் இந்த அடித்தகட்டுக்கும் அதன் மேல் திருகும் சின்னத் தகடுகளுக்கும் நடுவே சுற்றுகின்றன. தகடு பித்தளை. அதன் மேல் மெல்லிய பொன்முலாம். பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகி, துளைகளின் வாயில் பழுப்பாக ஒட்டியிருக்கும். அதை எடுத்தால்தான் சக்கரம் சுற்றும். அழுத்தித் தேய்த்தால் பிசினோடு முலாமும் போய்விடும். போனது திரும்பாது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அந்தத் தகட்டைக் காகிதத்தில் பிடித்துக்கொண்டு என்னிடம் காட்டினார்.

"பெட்ரோல்ல கொஞ்ச நேரம் கெடந்தா எல்லாம் எளகிரும்."

"பெட்ரோலு இந்த வீட்டுக்குள்ள வராது," என்றார் மதினி. "மெஷின் கொண்டாந்த பையா என்ன சொன்னான்? அவ்வளவு ஆசையா இருந்தா எங்கிட்ட குடுங்க. கார்த்திகைக்கு விளக்கு தேய்க்கத்தான போறேன், கூடவே புளி போட்டுத் தேச்சுத் தாரேன். குத்துவிளக்கு மாதிரி மின்னும்."

"மின்னும். பொறவு அத குத்துவிளக்குக்குப் பக்கத்துலதான் வைக்கணும்."

சோப்புத் தண்ணீரே போதும் என்றேன் நான். நாற்பது வருடம் செய்தி எழுதியதால், தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் உண்டு. விசாரித்து வைத்திருந்தேன். தண்ணீர் கெடுப்பது கடிகாரத்தின் இரும்பை. வில், திருகாணி, இரும்பு அச்சு எல்லாவற்றையும் கழற்றிய பிறகு மிஞ்சுவது பித்தளைத் தகடுதான். அதை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, துளைகளில் ஈரம் தங்காமல் உடனே உலர்த்திவிட்டால் ஒன்றும் ஆகாது.

"தண்ணியா?" என்று அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது. "ஏல, இது என்ன ஒன் பேப்பர்னு நெனச்சியா, தண்ணி ஊத்தி நெரப்பிட?"

"கார்த்திகையன்னைக்கு வருவேன்லா, அப்போ நானே கழுவித் தாரேன்."

"அதுக்குள்ள களிம்பு தகட்டத் தின்னுரும்."

அவர் குரலில் விளையாட்டு இல்லை. படுக்கையில் இருக்கும் மனிதருக்கு அந்தக் களிம்பு ஒன்றுதான் நாளுக்கு நாள் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது. மதினி அலமாரியில் இருந்த பெட்ரோல் பாட்டிலை எடுத்து வந்து, என் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று இருவரும் நினைத்தோம்.

கார்த்திகையன்று வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. விளக்கேற்றும் நேரத்தில் கதவை மூடி வைக்க மதினி சம்மதிக்கமாட்டார், வெளியே எவ்வளவு புகைமூட்டம் இருந்தாலும். கோலத்தின் மேல் இரண்டு அகல். உள்ளே ஹாலில் பூஜை அலமாரிக்கு முன்னால் தரையில் வரிசையாக. பால்கனிக் கதவடியில் இன்னும் சில. அண்ணன் அறையின் கதவு மட்டும் சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் ஹாலின் பாதி வரை விளக்கே இல்லை. மதினி தரைக் கற்களை எண்ணித் தள்ளித்தான் வைத்திருக்கிறார் என்பது பார்த்ததும் தெரிந்தது.

ஷூவின் நாடாவை அவிழ்க்கக் குனிந்தேன். நின்றபோது லேசாக இருந்த வாசனை, குனிந்ததும் மூக்கில் குத்தியது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு பரவும், கதவிடுக்கில் நுழையும். விளக்குகளும் தரையில்தான் இருந்தன.

மதினி கையில் தாம்பாளத்தோடு, எரியும் இரண்டு அகலைச் சுமந்து, பால்கனியிலிருந்து ஹாலுக்குள் வந்தார்.

"மதினி, அங்கனயே நில்லுங்க."

"என்ன தம்பி, வந்ததும் வராததுமா?"

"பெட்ரோல் வாசன வருது. தரையில இருக்கு. கையில இருக்கதக் குளிர வையுங்க. பொறவு எல்லாத்தையும்."

அந்த வீட்டில் விளக்கை அணை என்று யாரும் சொல்வதில்லை. அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், கார்த்திகையும் அதுவுமாக, மதினி ஒரு நிமிடமாவது என்னோடு வாதாடியிருப்பார். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூடிய கதவைப் பார்த்தார்.

நான் குனிந்து அருகிலிருந்த அகலை ஊதப் போனேன்.

"வாயால ஊதாத!" என்றார், அவ்வளவு அவசரத்திலும்.

பூஜைக்கு வைத்திருந்த பால் கிண்ணத்தில் ஒரு சாமந்திப் பூவை முக்கி, சுடரின் மேல் வைத்து எடுத்தார். சின்னதாக ஒரு சத்தம். அடுத்தது. அண்ணன் அறைக்குப் பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கும்படி கையைக் காட்டினேன். அப்படியே செய்தார். ஓடவில்லை, ஒரு துளி எண்ணெய் சிந்தவில்லை. பட்டுப்புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு விளக்கின் முன்னும் குனிந்து நிமிர்ந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அதைவிட வேகமாகச் செய்யக்கூடிய வேறு வழியும் தெரியவில்லை. எந்த ஸ்விட்சையும் தொடவேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

ஹாலில் கடைசிச் சுடரும் போன பிறகு அறைக் கதவைத் திறந்தேன்.

அண்ணன் குரங்குக் குல்லாவோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் கலங்கிச் சிவந்திருந்தது. மூச்சு வழக்கத்தைவிட வேகமாக ஏறி இறங்கியது. ஜன்னல்களின் விளிம்பெல்லாம் புகை நுழையாமல் இருக்க டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் ஓர் எவர்சில்வர் கிண்ணம். அதன் மேல் சரியாகப் பொருந்தாத ஒரு டிபன் மூடி. சூட்டில் பிசின் சீக்கிரம் இளகட்டும் என்று கிண்ணத்தை ரூம் ஹீட்டரை ஒட்டி வைத்திருந்தார். அதற்கு ஒரு முழம் தள்ளி ஆக்சிஜன் மெஷின். அந்த மெஷின் அறையில் இருக்கும் காற்றைத்தான் இழுத்து, வடிகட்டி, அவர் மூக்குக்கு அனுப்புகிறது.

"மூடித்தாம்ல வச்சிருக்கேன்," என்றார் என்னைப் பார்த்ததும்.

"பெட்ரோல் எங்க இருந்து வந்துச்சு?"

ஜன்னல் மேடையைப் பார்த்தார். அங்கே ஒரு தேங்காயெண்ணெய் பாட்டில். குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்திருக்க வேண்டும். இது உறையவில்லை. வாரக்கணக்கில் மதினியின் கண்முன்னாலேயே இருந்திருக்கிறது.

"என் ரூம்ல தீயே இல்லையே," என்றார். "விளக்கெல்லாம் ஹால்ல. இங்கனக்கும் அங்கனக்கும் எவ்வளவு தூரம்!"

என் முதுகுக்குப் பின்னாலிருந்து மதினியின் குரல் வந்தது. "ரூம்ல பெட்ரோலு இல்லன்னுதான் நான் ஹால்ல வச்சேன்."

இருவரும் சொன்னது சரி. இருவரும் தம் பங்குக்கு உரிய விதியை மீறவில்லை என்று நம்பினார்கள். கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த விரலளவு இடைவெளியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு பெரிய தட்டைக் கொண்டுவரச் சொல்லி, மூடிக்குப் பதிலாக அதைக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்துக் கையில் எடுத்தேன். மதினி பால் கிண்ணத்தோடு எனக்கு முன்னால் படியில் இறங்கினார். ஒவ்வொரு படியிலும் அவர் குனிந்து விளக்கைக் குளிர வைத்து, திரி புகைவது நிற்கும் வரை பார்த்து, தலையை ஆட்டிய பிறகுதான் நான் ஓர் அடி இறங்கினேன். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"அரே ஆன்ட்டி ஜி, தியே க்யோன் புஜா ரஹே ஹோ?" விளக்கை ஏன் அணைக்கிறீர்கள் என்கிறார்.

"பெட்ரோல் ஹை, பெட்ரோல். மாச்சிஸ் மத் ஜலானா," என்றார் மதினி நிமிராமல். பெட்ரோல் இருக்கிறது, தீக்குச்சி கிழிக்காதே.

மேலேயிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "ஏல, தகட்டச் சேத்துக் கொட்டிராத!"

கேட்டில் காவலுக்கு இருக்கும் சௌக்கிதார் தகரச் சட்டியில் விறகு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் போகாமல் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கப் பூங்காவுக்குப் போய், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் மண்ணில் கிண்ணத்தை வைத்து, தட்டின் மேல் ஒரு செங்கல்லை ஏற்றினேன். என் கையில் பெட்ரோல் சில்லென்று காய்ந்தது. குழாயடியில் மண் தேய்த்துக் கழுவிவிட்டு ஓடினேன்.

கிண்ணம் போய்விட்டது. ஆவி அறையிலேயே இருந்தது. அதை வெளியேற்ற ஜன்னலைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே வருவது, அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய அதே காற்று. எதிர் பிளாக்கின் விளக்குகள் அன்று மஞ்சள் கறைகளாகத்தான் தெரிந்தன. எதிர்வீட்டு அம்மாள் நான் கேட்பதற்கு முன்பே தன் ஹாலில் சோபாவை நகர்த்திக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் ஜன்னல்கள் மூடியிருந்தன, காற்று வடிகட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அகல் எதுவும் இல்லை.

மெஷினை எடுத்துப் போக நேரமில்லை. கரண்ட் போனால் உதவ ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும். அதன் வாயைத் திறக்கும் சாவி கயிற்றில் கட்டித் தொங்கியது. அண்ணனின் மூக்குக் குழாயை மெஷினிலிருந்து பிடுங்கிச் சிலிண்டரில் செருகினேன். சாவியைத் திருப்பினேன். அசையவில்லை. மறுபடியும் திருப்பினேன். அண்ணன் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வாயைத் திறந்து தோள்களால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். நகங்களின் நிறம் மாறுவதைப் பார்த்தேன்.

"இடப்பக்கம்," என்றார் மதினி. என் கையைத் தள்ளிவிட்டு, முந்தானையைச் சாவியில் சுற்றி ஒரே திருப்பு. உஸ் என்று காற்று வந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இருவருமாக இழுத்து, வாசல் கோலத்தின் மேலேயே கொண்டுபோனோம். அவர் எதிர்வீட்டுக்குள் போனதும் படிக்கட்டுச் சுவரில் இருந்த மெயின் ஸ்விட்சை இறக்கினேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. வீடு இருண்டது. மற்ற வீடுகளில் குழல்விளக்குகள் எரிய, கார்த்திகை கொண்டாடிய ஒரே வீட்டில் வெளிச்சம் இல்லை.

இருட்டில் ஜன்னல் டேப்புகளைக் கிழித்தேன். புகை வாசனையோடு குளிர்காற்று வந்தது. பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றை எடுத்துத் தரையோடு விசிறி, கனத்த காற்றைப் பால்கனிப் பக்கம் தள்ளினேன். பிறகு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன். மதினி அண்ணனின் விரலில் மாட்டிய, ஆக்சிஜன் அளவு காட்டும் சின்ன மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலிண்டரின் முள் சிவப்புக்கோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"போயிட்டா?" என்று கேட்டார்.

உள்ளே போய் மோந்தேன். வாசனை இல்லை. ஆனால் அதை நம்ப முடியவில்லை. அவ்வளவு நேரம் அதிலேயே நின்ற மூக்கு மரத்துப்போயிருக்கும். மதினிக்கு மோப்பம் இல்லை. அண்ணனை இந்த விஷயத்தில் கேட்பதாக இல்லை. கடைசியில் எதிர்வீட்டு அம்மாளைத்தான் அழைத்துப் போனேன். தரையருகே குனிந்து பார்க்கச் சொன்னேன். துப்பட்டாவை ஒதுக்கிவிட்டு, மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு மோந்தார்.

"தோடா தோடா ஹை." கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறதாம்.

மறுபடியும் விசிறினேன். முள் சிவப்பைத் தொட்டது. அம்மாள் இரண்டாவது முறையும் மண்டியிட்டார். இந்தமுறை வெகுநேரம் எடுத்துக்கொண்டார். கட்டில், ஹீட்டர், கதவடி எல்லாவற்றையும் மோந்தார்.

"நஹி. அப் குச் நஹி ஹை. பஸ் துவான் ஹை, ஜோ சப்கே கர் மே ஹை." இப்போது இருப்பது எல்லார் வீட்டிலும் இருக்கிற புகைதான்.

ஜன்னலைச் சாத்தினேன். மெயின் ஸ்விட்சைத் தூக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன் என்று எழுதலாம். மூடவில்லை. திறந்திருந்த வாசலையே பார்த்தேன். விளக்கு எரிந்தது, மெஷின் உறுமத் தொடங்கியது, வேறொன்றும் நடக்கவில்லை. அந்த அம்மாள் தன் வீட்டுக் காற்று மெஷினைத் தானே தூக்கிவந்து அண்ணன் கட்டிலருகே வைத்தார்.

படுக்கைக்குத் திரும்பி, மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "தகடு எங்க?"

"குப்பையில," என்றார் மதினி. கிண்ணம் வெளியே போன பிறகு அன்று அவரோடு பேசிய ஒரே சொல் அதுதான்.

மறுநாள் காலை கிண்ணத்தை எடுத்தேன். பெட்ரோலை ஒரு ஸ்கூட்டர் மெக்கானிக் வாங்கிக்கொண்டார். தகடு பத்திரமாக இருந்தது. அந்தக் கடிகாரத்தின் எண்கள் உள்ள முகப்பை, டயலை, ஜன்னலை மூடி இருட்டிலும் பிறகு வெளிச்சத்திலும் பார்த்தேன். ஒளிரவில்லை, எண்களில் பூச்சும் இல்லை. சில பழைய கடிகாரங்களில் இருட்டில் தெரிவதற்காக ரேடியம் பூசியிருப்பார்கள். நாளாக ஆக ஒளி மங்கிப்போகும், நஞ்சு போகாது. அந்தத் தூசி தகட்டில் இருந்தால் வீட்டில் கழுவவே கூடாது. இதில் அந்தப் பிரச்சினை இல்லை.

குழாய்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைக் கறை விடும். அதனால் பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கினேன். அண்ணன் கட்டிலில் இருந்தே பார்க்கும்படி அறைவாசலில் ஸ்டூலைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டேன். தகட்டின் விளிம்பை மட்டும் பிடித்து, மென்மையான பிரஷ்ஷால் தடவினேன். தேய்க்கவில்லை. துளைகளில் பல்குச்சியின் முனையைச் செதுக்கி, உள்ளே விட்டுச் சுழற்றினேன். குச்சி பழுப்பாக வெளியே வந்தது. புதுக்குச்சி. மறுபடி பழுப்பு. குச்சி வெள்ளையாக வரும் வரை அப்படியே. பிறகு சோப்பு போக இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, கூந்தல் உலர்த்தும் மெஷினின் மெல்லிய சூட்டில் துளை துளையாகக் காட்டினேன்.

"அந்த ஓரத்துல ஈரம்," என்றார் அண்ணன்.

"பாத்துட்டேன்."

"பாத்துட்டேன்னு சொல்லாத. காட்டு."

காட்டினேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிசின் போய்விட்டது. களிம்பும் போயிருந்தது. கட்டைவிரல் ரேகை மட்டும் மங்கிய நிழலாக முலாமில் தங்கிவிட்டது. அதைப் போக்கத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் முலாம் போகும். அவருக்கும் அது தெரியும். தேய் என்று சொல்லவில்லை.

தகட்டை மூக்கருகே கொண்டுபோனார். "ஒரு வாசனையும் இல்லயேல. இது சுத்தமாயிட்டுன்னு எப்படி நம்புதது?"

"வாசன இல்லாததுனாலதான்," என்றார் மதினி அடுக்களையிலிருந்து.

கார்த்திகைக்கு மறுநாளும் அவர்கள் வீட்டில் விளக்கு வைப்பது வழக்கம். பொழுது சாயும் நேரத்தில் நான் கிளம்ப ஷூவை மாட்டிக்கொண்டிருந்தேன். மதினி அகல்களில் எண்ணெய் விட்டுத் திரி போட்டு வைத்திருந்தார். படியிலும் வாசலிலும் மட்டும். ஹாலில் ஒன்றுகூட இல்லை. தீப்பெட்டி கையில் இருந்தது. கிழிக்கவில்லை.

"தம்பி, ஒரு நிமிசம். உள்ள போயி மோந்து பாத்துட்டு வா. பொறவு ஏத்துதேன்."

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல மதினி. நான்தான கழுவினேன்."

"நீ கழுவினது எனக்குத் தெரியும். அவிய வேற என்ன வச்சிருக்காவன்னு யாருக்குத் தெரியும்? பாட்டிலு ஒண்ணுதான்னு நேத்து வரைக்கும் நானும் நெனச்சேன்."

ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அண்ணன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், சோதனைச் சாவடியில் நிற்பவர் போல. கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். சோப்பு, மெஷினின் சூடான பிளாஸ்டிக், மூலையில் வைத்திருந்த யூகலிப்டஸ் தைலம். ஜன்னல் மேடையில் இருந்த ஒவ்வொரு பாட்டிலையும் திறந்து மோந்தேன். தேங்காயெண்ணெய் பாட்டில் புதிது. உறைந்திருந்தது.

வெளியே வந்து தலையசைத்தேன். மதினி உடனே ஏற்றவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நீயும் உள்ளதான இவ்வளவு நேரம் இருந்த, மூக்கு பழகியிருக்கும்," என்றார் என்னிடம்.

அம்மாள் மாவுக் கையோடு வந்து, குனிந்து, மோந்துவிட்டு, "டீக் ஹை" என்றார். அதன் பிறகுதான் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.